ஆளுக்கு ஒரு நிமிடம் கோப்பை

ஒரு கோப்பைக்காகப் பதினான்கு பேர் அடித்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே கோப்பை தனக்கு வேண்டவே வேண்டாம் என்று பதினான்கு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, "நான்தான் குற்றவாளி, எனக்கு முன்னாடி நீ எப்படிச் சொல்லலாம்" என்று சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பாய்மரப் படகுக் கழகத்தில் அது நடந்தது. ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஏழு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பியன் ஆகி, ஒன்றன்பின் ஒன்றாகப் பதவி இறங்கின. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. இருந்தால் அரைச்சொல் இருக்கும், அவ்வளவுதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த அறையிலேயே உட்கார்ந்து இரண்டு கண்ணாலும் பார்த்த மனிதர் ஒருவரே நம்பவில்லை.

விசிலுக்கு அன்று காலையிலிருந்தே அலுப்பு. விசில் என்பது பட்டப்பெயர். வார நாட்களில் சலவைக் கடையில் இஸ்திரி போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்தின் சாம்பல் நிற ரப்பர் படகை ஓட்டுவாள். போட்டியில் யாராவது கவிழ்ந்தால் தூக்கி நிமிர்த்துவது, பாய் கிழிந்தால் கட்டி இழுத்து வருவது, லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளைப் போடாதவர் கண்ணில் பட்டால் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவது, இவை அவள் வேலை. அவள் ஊதினால் கரையில் சைக்கிளில் போகிறவர்கள்கூடத் தங்கள் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்ப்பார்கள். மீன்கள் செதிலைச் சரிசெய்துகொள்ளும் என்று சொன்னவர்களும் உண்டு.

ஆனால் ஐம்பதைத் தாண்டிவிட்ட முழங்கால்களுக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. ரப்பர் படகில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை அவை முனகும். அது பருவத்தின் கடைசிப் போட்டி. இன்று ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் நான்கு மாதம் ஞாயிறுதோறும் தூங்கலாம் என்று அவள் தன் முழங்கால்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கழகத்தின் செயலாளர், போட்டியின் நடுவர் எல்லாம் ஒருவரே. போதாக்குறைக்கு அவர் அவளுடைய அக்கா புருஷன். அத்தானைப் போலச் சந்தேகப் பிராணி மூன்று உலகத்திலும் கிடையாது. மழை பெய்கிறது என்று சொன்னால் கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்தால் யார் தண்ணீர் ஊற்றியது என்று மேலே பார்ப்பார். கல்யாணத்தன்று அக்கா "சம்மதம்" என்று சொன்னபோது, "நிஜமாவா?" என்று கேட்டவர்.

காலையில் போட்டி தொடங்கியபோது கொஞ்சம் காற்று இருந்தது. அதற்குமுன் விசில் வழக்கம்போல ஒவ்வொரு படகின் பக்கத்திலும் போய், ஆளுக்கு ஆள் பக்கிளை இழுத்துப் பார்த்தாள். ஏழு படகு, படகுக்கு இரண்டு பேர். பதினான்கு பக்கிளும் 'டக்' என்று சரியாக நின்றன. நங்கூரம் போட்டிருந்த நடுவர் படகில், எல்லாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தே தீரவேண்டும் என்பதற்கான கோடு போட்ட கொடியை அத்தான் ஏற்றினார். அந்தக் கொடி பறக்கும்போது ஜாக்கெட்டைக் கழற்றினால் போட்டியிலிருந்து நீக்கம். அதில் பேச்சே இல்லை.

படகுகள் பந்தயப் பாதையின் கடைசி மிதவையைச் சுற்றி வந்ததும் காற்று செத்தது.

சும்மா குறையவில்லை, செத்தது. கடல் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. பாய்கள் வேலை முடிந்த சிப்பந்திகளைப் போலத் தோளைத் தொங்கவிட்டன. ஒரு கடற்பறவை பறந்து வந்து, காற்றில்லாததால் நடந்து திரும்பிப் போனது. வெயில் மட்டும் ஓவர்டைம் பார்த்தது. இப்படிப்பட்ட நேரத்தில் படகில் இருப்பவர் அசையக்கூடாது. அசைந்தால் பாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் இத்தனூண்டு காற்றும் கொட்டிப்போகும். கட்டைப் பலகையில், உடம்பு மரத்துப்போகும் வரை, சிலை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நின்றுவிட்ட போட்டியை ரத்து செய்யும் அதிகாரம் அத்தானுக்கு இருந்தது. காற்று இல்லை என்பதை அவர் நம்பவில்லை. "வரும்" என்று வயர்லெஸ்ஸில் சொன்னார். அதன்பிறகு வயர்லெஸ்ஸும் தூங்கிவிட்டது.

பாதுகாப்புப் படகு எப்போதும் கடைசிப் படகோடு இருக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. பின்தங்கியவருக்குத்தானே ஆபத்து அதிகம். அன்றைய கடைசிப் படகின் பெயர் மின்னல். அது என்றைக்குமே கடைசிதான். அதை ஓட்டிய இரண்டு தோழிகளில் ஒருத்தி தையல்காரி, இன்னொருத்தி பாட்டு டீச்சர். இருவரும் கரையில் தொடங்கிய பேச்சைக் கடலில் முடிப்பதற்காகவே போட்டிக்கு வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். விசில் அவர்கள் பக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, அந்தப் பேச்சில் பாதிக் காதை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

அப்போதுதான் வெகு முன்னாலிருந்து ஒரு பெண்குரல், "ஏங்க! ஏங்க!" என்று கிழிந்தது.

முதலில் போய்க்கொண்டிருந்தது மாப்பிள்ளையின் படகு. கடலுக்கு வரும்போதுகூடப் பளபளவென்று கஞ்சி போட்ட சட்டையில் வருவதால் அவருக்கு அந்தப் பெயர். சுக்கான் அவர் மனைவியின் கையில். கரையிலும் அப்படித்தான் என்பார்கள். அவள் ஒருத்தி மட்டும் படகில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஒரு கை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

விசில் எஞ்சினை முடுக்கிய வேகத்தில் ரப்பர் படகின் நிழல் பின்தங்கிவிட்டது. ஆனால் ஆள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே பக்கத்தில் போகக்கூடாது. சுழலும் விசிறிக்குக் காலும் ஒன்றுதான், கடற்பாசியும் ஒன்றுதான். அவள் கொஞ்சம் முன்னதாகவே எஞ்சினை அணைத்தாள். மீதித் தூரத்தை மிதந்தே கடந்தாள். அந்தத் தூரம் நீண்டது, நீண்டது, நீண்டுகொண்டே போனது. கடைசியில் கஞ்சி போட்ட காலர் ஒன்று கையில் அகப்பட்டது. இழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை இருமினார், கடலில் பாதியைக் கக்கினார், கண்ணைத் திறந்து, "காற்று வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அவர் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை.

*

விசாரணை கழகத்தின் மாடி அறையில். ஈரக் கயிறும் நனைந்த ஷூவும் சேர்ந்து நாறும் அறை அது. நடு மேஜையில் விரல் நீளப் பொம்மைப் படகுகள். புகார் வரும்போது பெரிய மனிதர்கள் அவற்றை நகர்த்திக் காட்டி, யார் யாரை மோதினார்கள் என்று குழந்தைகளைப் போல விளக்குவார்கள். இன்று பொம்மைகளுக்கு நடுவில் வெள்ளிக் கோப்பையும் இருந்தது. காற்று திரும்பவே இல்லை. அப்படி நேர்ந்தால், கடைசி மிதவையைச் சுற்றிய வரிசையே முடிவு. அதன்படி கோப்பை மாப்பிள்ளையின் படகுக்கு. மாப்பிள்ளையோ மருத்துவமனையில், மனைவியும் அவரோடு போயிருந்தாள். மற்ற ஆறு படகுக்காரர்கள் வெயிலில் வெந்த முகத்தோடு, உட்கார விருப்பமில்லாதவர்களைப் போலச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். மின்விசிறி, சம்பளம் வராத ஆள் மாதிரி சுற்றியது.

"இப்போ நான் உனக்கு அத்தான் இல்ல, நடுவர். புரியுதா?" என்றார் அத்தான்.

"புரியுது அத்தான்."

"ஒரு ஆள் ஜாக்கெட் இல்லாம தண்ணில விழுந்திருக்கான். ஒண்ணு, காலைல நீ பக்கிளைச் சரியாப் பாக்கல. இல்ல, பாத்துட்டுக் கோட்டை விட்டுட்டே. ரெண்டுல எது?"

"பாத்தேன். பதினாலும் பாத்தேன்."

"அப்போ ஜாக்கெட் எங்க போச்சு? பறந்துச்சா? காத்தே இல்லையே!"

விசில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அலுப்பு காலிலிருந்து ஏறிக் கழுத்துவரை வந்துவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவளுக்கு இங்கே அத்தான், வீட்டுக்குப் போனால் அக்கா.

"விதி விதிதாம்மா. பாதுகாப்புல தவறினா அடுத்த பருவம் படகுச் சாவி வேற ஆளுக்கு. மேஜை மேல வச்சிடு" என்றார்.

போகட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. ஞாயிறு தூங்கலாம். முழங்கால் இரண்டும் ஆமோதித்தன. ஆனால் கை சாவியை விடவில்லை. சாவி போவது பெரிதில்லை. ஒரு ஆளைத் தண்ணீரில் கோட்டை விட்டவள் என்ற பேரோடு போவதா? அந்த மிதந்து போன தூரம் வேறு அவளுக்குள் இன்னும் முடியாமல் நீண்டது. எஞ்சினை ஒரு கணம் பிந்தி அணைத்திருக்கலாமோ? யாரிடம் கேட்பது?

அந்த நேரத்தில் கதவு திறந்தது. மருத்துவமனைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை நின்றார். பின்னால் அவர் மனைவி, கடலில் சுக்கானைப் பிடிப்பது போலவே அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"உங்களை யாரு வரச் சொன்னது? படுங்கய்யா போய்" என்றார் அத்தான்.

"படுத்ததாலதான் இந்த வினையே" என்றார் மாப்பிள்ளை. குரல் உப்பில் ஊறியிருந்தது. "விசிலை ஒண்ணும் சொல்லாதீங்க. ஜாக்கெட்டை நான்தான் கழட்டினேன். பலகைல உக்கார முடியல. மெத்தையாப் போட்டு உக்காந்தேன். சொகமா இருந்துச்சு, தூங்கிட்டேன். விழுந்தது எனக்கே தெரியாது, மீன் சொல்லித்தான் தெரியும்."

"நானும் கழட்டிட்டேன்" என்றாள் அவர் மனைவி. "என்னுதையும் சேத்து ரெண்டு மடங்கு மெத்தை போட்டுக்கச் சொன்னதே நான்தான். கோப்பை எங்களுக்கு வேணாம். நீக்கிடுங்க."

அத்தான் பெருமூச்சுவிட்டு முதல் பொம்மைப் படகை எடுத்து ஓரமாக வைத்தார். "சரி. அடுத்த இடம் பேக்கரிக்காரர். கோப்பை உங்களுக்கு. வாழ்த்துகள்."

பேக்கரிக்காரரும் அவர் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கோப்பைக்காகப் பேக்கரிக்காரர் எத்தனையோ வருடமாகத் தவம் கிடந்தவர். அதை வைப்பதற்குக் கடையில் கண்ணாடி அலமாரியே செய்து வைத்திருக்கிறார். வாங்குவதற்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

"மச்சான், சொல்லிடலாமா?"

"நீங்க சொல்லுங்க மாமா. நீங்கதானே முதல்ல கழட்டினீங்க?"

"அடப்பாவி, 'மாமா, மெத்துனு இருக்கு, உக்காந்து பாருங்க'ன்னு சொன்னவன் யாரு?"

"நீங்களுமா?" என்றார் அத்தான்.

"உக்காந்துட்டோம்யா. உயிரைக் காக்கற சட்டை, பின்பக்கத்தைக் காத்துக்கிட்டு இருந்துச்சு." பேக்கரிக்காரர் கோப்பையைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்தார். "யாரும் பாக்கல. ஆனா இவரு பொழச்சு வந்து நின்னு சொல்லும்போது, நான் கோப்பையை வாங்கிட்டுப் போனா, அலமாரிக் கண்ணாடில என் மூஞ்சிதானே தெரியும்?"

இரண்டாவது பொம்மை நகர்ந்தது. மூன்றாமிடத்துப் பல் டாக்டர், கோப்பை தன் பக்கம் திரும்புவதற்குள், "எனக்கு வேணாம்! நாங்களும்!" என்று பாய்ந்து வந்தார். நான்காமிடத்துக்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்து, "டாக்டர், அவசரப்படாதீங்க, நாங்க உங்களுக்கு முன்னாடியே கழட்டிட்டோம்" என்றார். ஐந்தாமிடத்துக்காரர், தான் மிதவையைச் சுற்றும்போதே கழற்றியதாகவும், ஆகவே இந்த அறையிலேயே மூத்த குற்றவாளி தான்தான் என்றும் உரிமை கொண்டாடினார். ஆறாமிடத்துக்காரரின் காலை யாரோ மிதித்தார்கள். அவர் நொண்டிக்கொண்டே ஒப்புக்கொண்டார். எல்லாருக்கும் ஒரே அவமானம், ஒரே நிம்மதி. அலுத்துப்போன மனிதர்கள் மூட்டையை இறக்கும்போது வரும் இரைச்சல் அது. பொம்மைகள் ஒவ்வொன்றாக ஓரமாகப் போயின. கோப்பை அநாதைக் குழந்தை மாதிரி விழித்தது.

மிச்சமிருந்தது மின்னல். வாழ்நாளில் முதல்முறையாக முதலிடம்.

தையல்காரி தலையைக் குனிந்தாள். "நாங்களும்தான்" என்றாள்.

அத்தான் மேஜையில் ஓங்கி அடித்தார். பொம்மைகள் துள்ளின. "பிடிச்சிட்டேன்! உங்க பக்கத்துலயே விசில் இருந்தா. அவ முன்னாடி நீங்க கழட்டினீங்களா? இது கூட்டுச் சதி! சாவி போகக்கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றீங்க!"

"அவ முன்னாடி கழட்டுவோமா? நாங்க என்ன பைத்தியமா?" என்றாள் பாட்டு டீச்சர். "சத்தம் கேட்டு அவ அந்தப் பக்கம் பறந்தா பாருங்க, இந்தப் பக்கம் பக்கிளை விட்டோம். எத்தனை நேரமா காத்துக்கிட்டு இருந்தோம் தெரியுமா?"

"அங்க ஒருத்தன் முழுகிக்கிட்டு இருந்தான்!"

"அது அப்புறம்தான் தெரியும். அதை நெனச்சுத்தான் இவ அழுதுக்கிட்டே வந்தா" என்று டீச்சர் தோழியைக் காட்டினாள்.

"நம்ப மாட்டேன்" என்றார் அத்தான். "ஏழு படகு, பதினாலு பேரு, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம, ஒரே நேரத்துல, ஒரே மாதிரி மெத்தை போட்டு உக்காந்தீங்களா? உலகத்துல நடக்குமா இது? நான் நடுவர் படகுல பைனாகுலரோட இருந்தேன். எனக்குத் தெரியாதா? விசிலைக் காப்பாத்தணும்னா நேரா கேளுங்க. பொய் சொல்லாதீங்க. சாவி வந்தாகணும்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். விசில் கையை உயர்த்தினாள். ஊதவில்லை, ஊத மூச்சில்லை. ஆனாலும் அடங்கினார்கள்.

"அத்தான், இவங்க சொல்றதை நம்புங்க, நம்பாமப் போங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எஞ்சினைக் கொஞ்சம் முன்னாடியே அணைச்சிட்டேன். விசிறி வெட்டிடும்னு பயம். மிச்சத்தை மிதந்துதான் போனேன். அவரு விழுந்ததுல இருந்து நான் காலரைப் பிடிச்ச வரைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நான் கூப்பிட்டு வாயை மூடறதுக்குள்ள வந்துட்டேம்மா நீ" என்றாள் மாப்பிள்ளையின் மனைவி.

"பயத்துல கத்தினவங்களுக்கு நேரம் தெரியாதுங்க. எனக்கும் தெரியல. தள்ளி நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்." அவள் அத்தானைப் பார்த்தாள். அதில் கோபமில்லை, தந்திரமில்லை. நிஜமாகவே கேட்கிற களைத்த முகம். "நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. கையில கடிகாரம் இருக்கு. நான் லேட்டா அத்தான்? ஆமான்னா, சாவியை நீங்க கேக்க வேணாம், நானே வச்சிட்டுப் போறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன்."

அத்தான் வாயைத் திறந்தார். "ரொம்ப லேட்" என்று சொல்லியிருக்கலாம். அவள் சாவியை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். "லேட் இல்ல" என்று சொல்லியிருந்தாலும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். எதைச் சொன்னாலும் நம்பக் காத்திருக்கும் ஒரு முகத்தை, எதையுமே நம்பாத அந்த மனிதர் அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது. திறந்த வாயை மூடினார். கடைசிப் பொம்மைப் படகை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"தெரியலம்மா" என்றார்.

"என்ன தெரியல?"

"எவ்வளவு நேரம்னு தெரியல. அவரு விழுந்ததை நான் பாக்கல. நீ போனதைப் பாக்கல. காலரைப் பிடிச்சதைப் பாக்கல." அவர் குரலிலிருந்து நடுவர் இறங்கிப் போய்விட்டார், களைத்துப்போன ஒரு குடும்பஸ்தர்தான் மிச்சம். "நீ அவரை எடுத்துப் போட்ட பிறகுதான் கண்ணு முழிச்சேன். வெயிலு. ராத்திரியும் சரியாத் தூக்கமில்ல. கொஞ்சம் சாயலாம்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்: "ஜாக்கெட்டு போட்டுக்கிட்டுத்தானே சாஞ்சீங்க?"

அத்தான் மேஜையின் ஓரத்தைத் தடவினார். கொடியை ஏற்றிய கை அது. விசிலின் கை இன்னும் சாவியின்மேல் இருந்தது. அந்தக் கையை அப்படியே மூடி, அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

"தலைக்கு வச்சிருந்தேன்" என்றார். "நடந்துச்சு. எல்லாம் இவங்க சொன்ன மாதிரியே நடந்துச்சு. பதினாலு பேருங்கறது மட்டும் தப்பு. பதினஞ்சு."